பூச்சு

ஷகூராவில் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டுகையில்
ஜேசிபியின் பல் ஒரு கல்மூடியில் உரசியது.
அந்தச் சத்தத்தோடு
எங்கள் ஓவர்டைம் நின்றது.

மஞ்சள் நாடா கட்டினார்கள்.
"எவனோ செத்ததுக்கு நமக்கு ஏன்டா சம்பளப் பிடிப்பு"
என்றான் சவரிராயன்.
செத்து இரண்டாயிரம் வருஷம் என்றேன்.
அதற்கும் அவனிடம் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது.

நாலாம் நாள் ஹனான் மேடம் வந்தார்,
மண் சலிக்க இரண்டு ஆள் வேண்டுமென்று.
தினார் கணக்குப் பேசிக்கொண்டு போனோம்.

ஒரே மேடு. உள்ளே தேன்கூடாய்க் குழிகள்.
யவனக் காசு புழங்கிய காலத்தவை.
யவனம் என்பது என் சொல்,
அவர் கிரீக் என்றார்.

சல்லடையில் நின்றவை:
கண்ணாடிக் குப்பியின் கழுத்து,
ஒற்றைப் பாசிமணி,
ஒரு பேரீச்சங்கொட்டை, அது போன வருஷத்தது.
ஒரு குழந்தையை ஜாடிக்குள் வைத்திருந்தார்கள்.
அன்றைக்குச் சவரிராயன் திட்டவில்லை.
சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவுமில்லை.

பெரிய குழியின் கல்லில் மூன்று வரி எழுத்து.
செத்தவன் பெயர் பாதி உடைந்திருந்தது.
தகப்பன் பெயர் முழுசு.
கடைசிச் சொல்லும் முழுசு: "சந்தோஷமாயிரு" மாதிரி ஏதோ.
வருகிறவனிடமும் அதைத்தான் சொல்வார்களாம்,
போகிறவனிடமும் அதைத்தானாம்.
நம்மிலும் போகிறவன்
வர்றேன் என்றுதானே சொல்கிறான்.

அவர் எலும்பைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.
பதினாறு வருஷம்
மனாமாவிலும் முஹர்ரக்கிலும் பூச்சு வேலை.

சாந்தில் தண்ணீர் குறைச்சல்.
தலைமாட்டில் நிதானம்,
கால்மாட்டுக்கு வரும்போது அவசரம்.
வெயில் ஏறியிருக்கும்,
இல்லை, தூக்கிக்கொண்டு ஆட்கள்
வந்து நின்றிருப்பார்கள்.
கரணை நுழையாத மூலையைக்
கட்டைவிரலால் வழித்திருக்கிறான்.
மூடிவிடப் போகிற சுவர். எந்த மேஸ்திரி பார்க்கப் போகிறான்.
ஆனாலும் வழித்திருக்கிறான்.

"இவன் நொட்டாங்கைக்காரன் மேடம்."

எப்படித் தெரியும் என்றார்.
வளைவெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
அதைச் சொல்ல என் அரபி போதாது,
ஹிந்தியும் போதாது.
இடது கையைத் தூக்கிக்
காற்றில் ஒரு சுவர் பூசிக் காட்டினேன்.

எத்தனை பேர் அடித்த கை.
அந்தக் கையால் சாந்தைத் தொடாதே,
வீடு விளங்காது என்பார்கள்.
இது வீடில்லை.
இத்தனை காலம் ஒரு விரிசல் விடவில்லை.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்,
வலமிருந்து இடமாக.

குழாயைப் பதினோரு மீட்டர் தள்ளிப் பதித்தார்கள்.
ஓவர்டைம் திரும்பி வந்தது.

லேபர் கேம்ப் பஸ்ஸில்
முன்சீட்டில் தலை சாய்த்தபடி சவரிராயன் கேட்டான்:
"யாரும் பாக்காதப்ப அந்த மூலையில
விரலை வச்சுப் பாத்தியே.
எப்படிடா இருந்துச்சு?"

"எனக்குக் கொஞ்சம் பெரிசு."