ஓரச் சிப்பாய்

பதினொரு மாதம் சிசிலியன் படித்தேன்.
பன்றி ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து
கம்பிக் கையுறை கழற்றிய விரல்கள்
கத்தியின் வடிவிலேயே மடங்கிக் கிடக்க,
அடுப்படி மேசையில் காய்களை நகர்த்தினேன்.
நாற்பது பக்க நோட்டு.
முப்பத்தாறாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி:
வெள்ளை இங்கே குதிரையைத் தூக்கி வைத்தால்
என்னிடம் பதில் இல்லை.
யார் கண்ணிலும் படாதிருக்கட்டும் என்று
அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்தேன்.

பிராண்டன், பிப்ரவரி. கர்லிங் கிளப்பின் மாடி.
கீழே பனித்தளத்தில் கல்லோடு கல் மோதும்போதெல்லாம்
மேலே ராணிகள் லேசாக அதிர்ந்தார்கள்.
நான்காம் சுற்று. எனக்குக் கறுப்பு.
எதிரே ஓரெஸ்ட் கொவால்ச்சுக், கனோலா விதைக்கிறவர்.
கடிகாரத்தை அழுத்தினேன்.

ராஜாவின் சிப்பாயைத்தான் தொடுவார் என்று
என் கை முன்பே எழும்பியிருந்தது.
அவரோ இடது கோடியில்
யாரும் கண்டுகொள்ளாத சிப்பாயை
ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம் தள்ளினார்,
படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளைத்
தொட்டுப் பார்ப்பதுபோல.

சரி, நடுவை எடுத்துக்கொண்டேன். விட்டுக்கொடுத்தார்.
ஐந்தாவது நகர்வில்தான் உறைத்தது:
அது என் சிசிலியன்.
நிறம் மாற்றி,
என்னைவிட ஓரடி முன்னால்,
என் நோட்டு எதிரே உட்கார்ந்து
காபி குடித்துக்கொண்டிருந்தது.

பதினேழாவதில்
குதிரையைத் தூக்கி வைத்தேன்.
என்னை நானே காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.
இருபத்தாறு நிமிடம் அவர் அசையவில்லை.
கீழே யாரோ “பெருக்கு! பெருக்கு!” என்று அலறினார்கள்.
பிறகு அதே ஓரச் சிப்பாயை
இன்னொரு கட்டம்.

பதில் இருந்திருக்கிறது.

நாற்பத்து மூன்றாவதில் கை கொடுத்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடியின் உறைபனி இளகும்வரை
நோட்டைத் தொடையில் விரித்து
மடிப்பை நீவினேன்.
சிவப்பு வரிக்குக் கீழே
அவருடைய நகர்வைக் கறுப்புக்கு எழுதிப் பார்த்தேன்.
ஒரு நகர்வு குறைகிறது.
சிப்பாய் போய்ச் சேர்வதில்லை.
இன்னொரு தரம் எண்ணினேன்.
பேனாவும் நின்றுபோனது.

ஜன்னலைத் தட்டினார் ஓரெஸ்ட்.
வண்டி கிளம்பவில்லையாம்,
ஜம்பர் கேபிள் இருக்குமா.
இருந்தது.
இரண்டு பானெட்டுகளும் வாய் பிளந்து நிற்க
சிவப்போடு சிவப்பு, என்றார்.
தெரியும், என்றேன்.