ஒரு மெய் குறைவு

கார்ட்லா நூலகத்தில், செவ்வாய்க்கிழமைகளில்,
கார்டு ரீடரின் வயரைச் சரியான துளையில்
சொருகிக் கொடுப்பது என் வேலை.

ஹெல்வி தாம்சாலு வந்தாள். பூட்ஸெல்லாம் பனியும் உப்பும்.
மின்னஞ்சலில் மூன்று வாரமாய்த் திறக்காத கோப்பு,
தம்பி ராய்வோ அனுப்பியது.
படகில் தன் பாதியை அக்காவுக்கே விடுவதாக
ஒன்றரைப் பக்கம்.
பேச்சு நின்று பதினோரு வருடம் என்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.

கீழே அவன் கையொப்பம்.
மை இல்லை, கோணல் இல்லை,
அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்த தடம் இல்லை.
பெயர், அடையாள எண்,
பிப்ரவரி நான்கு, இரவு 11:41:07.

ஒன்பதாம் தேதி புதைத்தோம்.
அவன் சான்றிதழை அரசாங்கம் ரத்து செய்துவிட்டது.
அப்படியென்றால் இது?

சரிபார் என்ற பொத்தானை அழுத்தினேன்.
சக்கரம் சுற்றியது.
பச்சை.
கையொப்பம் செல்லும்.

செத்தவனுடையதா?
இல்லை, அந்த நொடியினுடையது என்றேன்.
11:41:07க்கு அவன் இருந்தான்.
அதற்குமேல் இந்த மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது.

படித்துக்கொண்டே வந்தவள் விரலால் திரையைத் தொட்டாள்.
இரண்டாம் வரி. ஹெவி தாம்சாலு.
நடுவில் ஓர் எழுத்தைக் காணோம்.

திருத்தலாமா?
ஒரு புள்ளியைத் தொட்டாலும்
மொத்தக் கோப்பின் கணக்கும் கலைந்துவிடும்,
பச்சை சிவப்பாகும்,
மறுபடி போட அவனைத்தான் கூப்பிடவேண்டும்.
(கடைசியதை நான் சொல்லியிருக்கக் கூடாது.)

அவசரத்தில் விட்டிருப்பான் என்றேன்.
நாலு வயதுவரை அவன், என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.
வெளியே பனி அள்ளும் வண்டி
தெருக்கோடிவரை போய்த் திரும்பியது.

அப்புறம் கையுறையைக் கழற்றினாள்.
ஐந்து இலக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், விதி அது.
முதல் தடவை தப்பு.
இன்னும் இரண்டு வாய்ப்பு என்றது திரை.
இரண்டாம் தடவை ஒவ்வொரு எண்ணையும்
உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

அவன் பெயருக்கு அடியில் அவள் பெயர் ஏறியது,
முழுசாக, எல்லா எழுத்தோடும்.
மேலே, அவன் எழுதியபடி, ஒரு மெய் குறைவு.
இருவரும் ஒரே ஆளா என்று எவராவது கேட்டால்
அடையாள எண் பதில் சொல்லிக்கொள்ளும்.

அச்செடுத்துத் தரச் சொன்னாள்.
தாளில் அது வெறும் தாள்தான்,
எந்த அலுவலகத்திலும் செல்லாது என்றேன்.
தெரியும் என்று
இரண்டு பக்கத்துக்கு இருபது சென்ட் எண்ணி வைத்தாள்.