கோசோங்

பதினோரு வருடமாகத்
தேநீர்க் கடையில் என் பெயர் அதுதான்.
தே ஓ கோசோங்.
சீனி போடாதே என்பதற்கு
இந்தத் துறைமுகத்தில் அந்த ஒரு சொல் போதும்.
மாணிக்கராசு என்று அழைத்தால்
இரண்டாம் முறைதான் திரும்புவேன்.

படகில் வடம் கட்டுகிறவன் நான்.
பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு,
தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு.
எங்கும் போகாமல் வயதாவது இப்படித்தான்.

சட்டைப் பையில் இரண்டு மாத்திரை.

பெரியது மெட்ஃபார்மின்.
கல்லீரல் ஒரு கிடங்கு என்றாள்
ஜெலுத்தோங் கிளினிக்கில் மருந்து தருகிற மிஸ் ஓங்.
நீங்கள் தூங்கும்போதும்
சீனியை அளந்து அளந்து வெளியே அனுப்பும்.
இந்த மாத்திரை கிடங்குக்காரன்,
கதவைப் பாதி சாத்துவான்.
வெறும் வயிற்றில் போனால் குடலைக் கலக்குவான்,
சோற்றோடு அனுப்புங்கள்.

சின்னது கிளிக்லசைட்.
அதற்கு அவளிடம் உவமை இல்லை.
‘சாப்பிடாவிட்டால் போடாதே’ என்று எழுதி
சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்தாள்.
உவமையை நானே பிறகு கண்டுபிடித்தேன்:
மண்டோர்.
கணையத்தின் வாசலில் போய்
எழுந்திரு, ஆளை அனுப்பு என்று தட்டுகிற மண்டோர்.
கப்பல் வந்ததா, சரக்கு இறங்கியதா,
பார்க்க மாட்டான்.
ஆட்கள் வந்துவிட்டால்
இருக்கிற கடைசி மூட்டையையும் தூக்கிப் போய்விடுவார்கள்.

கண்டுபிடித்தது ஒரு புதன்கிழமை.
முந்தின நாள் மாத்திரை மறந்திருந்தேன்.
கணக்கு நேராகட்டும் என்று இரண்டாகப் போட்டேன்.
ரொட்டி சானாய்க் கடையில் வரிசை.
படகு சங்கு ஊதியது, ஓடினேன்.

நடுக்கடலில்
இருபது வருட முடிச்சு
கைக்கு மறந்துபோனது.
காற்றடிக்கும் தளத்தில் வியர்வை.
பசிகூட இல்லை, ஏதோ ஒரு கோபம்.
நோர்டினைத் திட்டினேனாம்.

அவன் அம்மாவுக்கும் இனிப்பு நீர்.
அவன் கேள்வி கேட்கவில்லை.
ஒரு பள்ளிப் பையன் விரலில் மாட்டியிருந்த
சிராப் பையைப் பிடுங்கி
ஸ்ட்ராவை என் வாயில் வைத்தான்.
விழுங்க முடியுதா? மெதுவா.
கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி
என் தோளை விடவில்லை.
கரை வந்தது.
முடிச்சை வேறு யாரோ போட்டார்கள்.

எதைப் பதினோரு வருடம் வாசலோடு நிறுத்தினேனோ
அது சிவப்பாய், ஐஸ் கரைந்து,
யார் பிள்ளையின் எச்சிலோ பட்டு
என்னைத் திருப்பித் தந்தது.
பையனிடம் இரண்டு வெள்ளி நீட்டினேன்.
வாங்கவில்லை.

ரொட்டி தின்னவைத்து அன்றே கிளினிக்குக்கு அழைத்துப்போனான்.
இரட்டை மாத்திரையையும் சொல்லிவிட்டேன்.
மறந்தது கடன் இல்லை அங்கிள்,
அடைக்க வேண்டாம், என்றாள் மிஸ் ஓங்.
வாந்தி, பேதி என்றால்
கிடங்குக்காரனையும் நிறுத்திவிட்டு
உடனே இங்கே கூப்பிடுங்கள்.
பிறகு, இரவுச் சந்தையில் மூலிகை உருண்டை
ஏதாவது வாங்குகிறீர்களா என்று கேட்டாள்.
நான் தரையைப் பார்த்தேன்.

இன்றும் தே ஓ கோசோங்தான்.
ஆனால் சட்டையின் இன்னொரு பையில்
நான்கு சீனிக் கட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி.
வியர்வையில் கசியும். மாதம் ஒருமுறை மாற்றுவேன்.
எந்தப் பை என்று
நோர்டினுக்குத் தெரியும்.