மையொற்றி

ஆளுநர் ஓர்வில் ட்வெட் பதவியேற்ற அன்று
பைபிளின் மேல் இருந்தது இடக்கை.
உயர்த்திய வலக்கையில் இரண்டே விரல்.
மீதி மூன்றும் கொரியாவில்,
ஓர் ஏரிக்கரைப் பனியில்,
கையுறையோடு கழன்று வந்தவை.
வெற்றிச் சின்னம் காட்டுகிறார் என்று
பின்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

நான் அவருக்கு மை ஒற்றுபவள்.
அப்படி ஒரு வேலையே கிடையாது;
சம்பளப் பட்டியலில்
இளநிலைத் தட்டச்சர், ஹெல்கா ப்ரூக்னர்.
இடக்கையால் எழுதுகிறவரின் கை
எழுதியதன் மேலேயே ஊர்ந்து போகும்.
ஈரம் காயுமுன் கலைந்துவிடும் பெயர்.
அதனால் நான்.

கையெழுத்து இயந்திரம் ஒன்று வாங்கித் தந்தார்கள்.
அதன்மேல் தொப்பியைக் கழற்றி வைப்பார்.

எதற்கெல்லாம் வந்தன தாள்கள்!
பன்றிக் காதில் குத்தும் முத்திரைக்கு,
பார்லி வாரத்துக்கு,
உறைந்த ஏரியில் மீன்பிடிக்கும் தேதிக்கு,
ஒரு பாலத்துக்கு,
வெள்ளம் அதைக் கொண்டுபோன பின் இன்னொன்றுக்கு.

வியட்நாமில் மகனை இழந்த வீடுகளுக்கு எழுதும்போது மட்டும்
என்னை வெளியே அனுப்பிவிடுவார்.
அந்தக் கடிதங்கள் ஒற்றாமலே போயின.
லின்ட்கார்ட் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன்,
சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள்.
பாதிப் பெயர் புகை மாதிரி.
"அழுதுகொண்டே எழுதியிருக்கிறார்" என்றாள் அந்தத் தாய்.
நான் மறுக்கவில்லை.

மாணவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த அந்த மே மாதம்
காவற்படையை அனுப்பச் சொல்லித் தாள் வந்தது.
தட்டச்சு செய்தவளும் நானே.
மேசையைச் சுற்றி மூன்று பேர்:
படைத்தலைவர், சட்டமன்றத் தலைவர்,
எதற்கென்று தெரியாமல் ஒரு வங்கிக்காரர்.

"துப்பாக்கியில் குண்டு இருக்குமா?"
"இருக்கும் ஐயா. அதுதான் நடைமுறை."
"பையன்களுக்கு என்ன வயது?"
"எந்தப் பக்கத்துப் பையன்கள் ஐயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.
படைத்தலைவர் விவரத்துக்காகத்தான் கேட்டார், பாவம்.

கடைசி வரிக்குக் கீழே
'தோட்டா இல்லாமல்' என்று எழுதினார்.
மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,
ஒவ்வொரு எழுத்தாக.
ஒற்றுத்தாளோடு காத்து நின்றேன்.
தேவைப்படவில்லை.

யாரும் சாகவில்லை.
செங்கல் பட்டு ஒரு காவலனுக்குப் பல் போனது.
நவம்பர் தேர்தலில் அந்தப் பல்தான் நின்றது.
பெட்ரோல் நிலையத்திலும் தேவாலய வாசலிலும்
அந்தப் பையனின் திறந்த வாய்.
நடக்காத சாவை யார் சுவரொட்டியாக அடிப்பது?
இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார்.

கடைசி நாள், கடைசித் தாள்:
அந்தப் பல்லுக்கான மருத்துவச் செலவு,
நாற்பத்தாறு டாலர்.
தொகையை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.
ஒற்றினேன்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒற்றுத்தாளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
என் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.
கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க வரும்.
ஒன்றின்மேல் ஒன்றாக அவர் பெயர்;
இதில் பார்லி எது, பாலம் எது,
தேடிக்கொண்டிருந்தால்
அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது.