கம்பியை வளைக்காதே

பதினேழு லாட்ஜுக்குக் கல் சுமந்திருக்கிறேன்.
'ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்' என்று
போர்டு மாட்டுவார்களே,
அதெல்லாம் என் சும்மாட்டில் ஏறிப் போனதுதான்.
ஒரு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கணும் என்று
ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தப் பெண் கேட்டாள்.
ஆர்க்கிடெக்ட்டாம், பெயர் ஜெபக்கனி.
கத்திரி வெயிலில், சைதாப்பேட்டை சந்தில்,
மாநகராட்சி கக்கூஸ் இடிந்து கிடந்த மூணு சென்ட்டில்
ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்து
"அக்கா, கதவு எங்க?"

நான் கோடு போட்டேன்.
தில்ஷாத் காலால் அழித்தாள்:
"மோரி நாத்தம் நேரா சட்டியில விழும்."
கன்னியப்பன் மேஸ்திரி
"மேற்கே ஜன்னல் வெச்சா அடுப்பே வேணாம்,
சோறு தானா வேகும்."
பீடி சுத்துகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், காத்து ஆகாது,
தூள் பறக்கும்.
பிள்ளைகளுக்குக் காத்து வேண்டும்.
இதற்கே நாலு ஞாயிறு போனது.
ஒரு மழை வந்து மொத்தக் கட்டடத்தையும்
கழுவிக்கொண்டு போனது.
சிரித்தோம்.
இடிந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தது
அதுதான் முதல் தடவை.

கட்டினோம்.
எட்டு அடுப்பு, ஒரு தொட்டி,
சாயங்காலம் பிள்ளைகள் படிக்க நீளமாய் ஒரு திட்டு.
மால்டாவிலிருந்து புருஷனைக் கொண்டுவந்தவள்
எங்கள் அடுப்பில் கடுகெண்ணெய் காயவைத்தாள்.
நெடியில் எல்லோரும் அழுதோம்,
அவள் மட்டும் நிஜமாக.

நல்லா வந்துடுச்சு. அதுதான் தப்பு.

தை மாசம் யாரோ கேமராவோடு வந்தார்கள்.
மாசியில் புரோக்கர் குப்புராஜ்
'அழகான சமுதாயக்கூடம் எதிரில்' என்று
மூணாம் நம்பர் வீட்டில் நோட்டீஸ் ஒட்டினான்.
நாலாயிரம் வாடகை ஆறாயிரம் ஆனது.
தில்ஷாத்துக்கு வைகாசி வரைக்கும் கெடு.
அவளும் நானும் சண்டைபோட்டு வாங்கின காத்துக்கு
அவளிடமே விலை கேட்கிறார்கள்.

ஜெபக்கனிக்கு போன் போட்டேன்.
ரொம்ப நேரம் பேச்சே இல்லை.
பிறகு, "மொட்டை மாடிக் கம்பி
துரு பிடிச்சிருக்கா பாருங்கக்கா."

ஏறிப் பார்த்தேன்.
ஆறு தூண், தூணுக்கு நாலு கம்பி,
வெயிலைக் குத்திக்கொண்டு நின்றன.
தளம் போட்ட அன்றைக்கே மேஸ்திரி மடக்கப் போனார்,
வளைக்காதீங்க என்று இவள்தான் தடுத்தாள்.
காயப்போட்ட என் புடவை ரெண்டு
அதில் மாட்டிக் கிழிந்தது.
திட்டியிருக்கிறேன்.

துரு கொஞ்சம்தான்.
உப்புத்தாளில் தேய்த்தால் போய்விடும்.

கீழே சந்தில்
தில்ஷாத் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.
முந்தானை முடிச்சில் அரைத்துண்டு சாக்பீஸ் கிடந்தது.
சூடு பறக்கும் தளத்தில் உட்கார்ந்து
ஒரு சுவருக்கு மட்டும் கோடு இழுத்துவிட்டு
கைப்பிடிச் சுவர்மேல் எட்டிக் கத்தினேன்:

"ஏய், அதைப் போட்டுட்டு மேல வா.
வந்து அழி."