அட்டையில் எழுபத்தெட்டு

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன்.
இப்போது நோய் நடிக்கிறேன்.
நாளுக்கு எட்டு முறை, நடுவில் ஒரு சாண்ட்விச்.
நார்தாம்ப்டனில், கம்பளக் கிடங்குக்குப் பின்னால்
தேர்வுக்கூடம்: கட்டில், திரை, பெரிய கடிகாரம்.

என் பெயர் லாங்லி என்று போட்டிருக்கிறார்கள்.
வயது அறுபத்தேழு. (அது நிஜம்.)
மூன்று நாளாக மூச்சிரைப்பு.
மனைவி இல்லை. பூனை உண்டு.
கேட்டால் மட்டும் பூனையைச் சொல்ல வேண்டும்.
யாரும் கேட்பதில்லை.

வருகிறவர்கள் அவரவர் ஊரில் நர்ஸ்கள்.
குமாசியில் நூற்றுக்கணக்கில் குழந்தைகளை
வெளிச்சத்துக்கு இழுத்தவள்,
செபுவில் தீக்காய வார்டை
ராத்திரி முழுக்கத் தனியாகத் தாங்கியவன்.
கடல் தாண்டியதும் அதெல்லாம்
சான்றொப்பமிட்ட நகலாகிவிட்டது.
இங்கே பதினைந்து நிமிஷம்.
கை கழுவினால் மட்டும் போதாது,
கை கழுவுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
சொல்ல மறந்தால்
அந்தக் கை அழுக்கு.

ஒரு பெண் என்னைத் தொடுமுன்
மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள்.
சிரித்துவிடப் பார்த்தேன்.
சிரிப்பு என் வசனத்தில் இல்லை.

பிப்ரவரியில் சிபோசிலே வந்தாள்.
புலவாயோ. பதினான்கு வருஷ அனுபவம்.
அட்டையில் பெயரைத் தப்பும் தவறுமாக அடித்திருந்தார்கள்.
அவள் திருத்தவில்லை.
வேலை நாடி வந்தவள்
என் நாடியைப் பிடித்தாள்.
மற்றவர்கள் ஒப்புக்கு வைப்பார்கள்;
விரல் மணிக்கட்டில், கண் கடிகாரத்தில்.
எண்களைத்தான் தேர்வாளர் ஜில்
அட்டையில் எழுதித் தந்துவிடுவாரே:
நாடி எழுபத்தெட்டு, சீரானது.

இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
ஒரு முழு நிமிஷம். பிறகு இன்னொன்று.
“சார், உங்களுக்கு நடுவில் ஒன்று தவறுகிறது.”
“மிஸ்டர் லாங்லிக்கு எழுபத்தெட்டு” என்றார் ஜில்.
“மிஸ்டர் லாங்லிக்கு இல்லை” என்றாள்,
“இவருக்கு.”

கடிகாரம் என்ன செய்யும், ஓடியது.
பராமரிப்புத் திட்டத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாள்.
மணி அடித்தது. பேனாவை மூடினாள்.
போகும்போது குனிந்து, மெதுவாக,
“தள்ளிப்போடாதீர்கள்.”

தள்ளித்தான் போட்டேன், ஒன்பது நாள்.
பிறகு டாக்டர் வயர்களை ஒட்டினார்,
காகிதத்தில் கோடு தடுமாறியது.
“யார் கண்டுபிடித்தது?”
“ஒரு நர்ஸ்” என்றேன்.
அன்றைய தேதிக்கு அது பொய்.
அவள் தேறவில்லை.

அதுவரை கெட்டெரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில்
படுக்கை மாற்றிக்கொண்டிருந்தாளாம்.
மாத்திரை கொடுக்க அனுமதியில்லை.
தண்ணீர் கொடுக்கலாம்.

ஜூனில் மறுபடி வந்தாள்.
அதே கட்டில், அதே லாங்லி.
கை கழுவுகிறேன் என்று
பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.
பிறந்த தேதி, ஒவ்வாமை, வலி பத்துக்கு எத்தனை,
ஒரு கொக்கி விடாமல்.
பூனையைக்கூடக் கேட்டாள்.
என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள்.
நான் காத்திருந்தேன்.
இப்போது மாத்திரை எடுக்கிறேன், சிபோசிலே,
காலை ஒன்று, ராத்திரி ஒன்று.
தொண்டைவரை வந்தது.
லாங்லிக்கு அந்த வசனம் இல்லை.

விரல் ஒரு கணம் அழுந்தியது போலிருந்தது.
என் கற்பனையாகவும் இருக்கலாம்.
அட்டையைப் பார்த்தாள்.
எழுபத்தெட்டு, சீரானது
என்று அழகாக எழுதினாள்.

நான்கு நிமிஷம் மிச்சம்.
அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்,
நான் மூச்சிரைத்துக்கொண்டிருந்தேன்.