தண்ணிக்குள்ளே வேர்த்தது

கழுத்தளவுத் தண்ணியில்
பாறை இடுக்கில் கைவிட்டுப் பாசி பறிக்கையில்
எனக்கு வேர்த்தது.
சொன்னால் யார் நம்புவார்கள்?
கடலுக்குள் நிற்கிறவள்
எதைத் துடைத்துக் காட்டுவாள்?

நெஞ்சில் கிளம்பி
கழுத்து, காதுமடல், உச்சி என ஏறியது.
அடுப்பில் மறந்த இரும்புச்சட்டி மாதிரி
தலை மட்டும் தனியாகக் காய்ந்தது.
கண்ணாடிக்குள் ஆவி படிந்து
பாசி எது பாறை எது தெரியாமல்
விரலைக் கிழித்துக்கொண்டேன்.

பக்கத்தில் மூழ்கி எழுந்த ஜெசிந்தா
முகத்தைப் பார்த்தாள்.
“உனக்குமா?”
அந்த ஒரு ‘உம்’முக்குள்
அவளுடைய இரண்டு வருஷம் இருந்தது.

மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசிக்கு என்று
சின்னப்பாலத்தில் நாங்களே போட்ட கணக்கு.
காலண்டரில் அதற்குப் பச்சை மை.
ஓரத்தில் சிவப்புப் புள்ளி என் கணக்கு;
யாரும் கேட்டால் பால் கணக்கு என்பேன்.
போன கார்த்திகையோடு புள்ளி நின்றது.
“பால்காரன் கடன் தீந்துச்சாம்மா?” என்றான் மகன்.

ராமநாதபுரத்து டாக்டர்
ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார்:
“எடுத்துப் போட்ருவோம், இனி எதுக்கு அது?”
அறுபதாயிரம்.
போட்டு இன்ஜினுக்கே அவ்வளவு ஆகாது.
சீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

அட்டமியன்று கடலுக்கு லீவு.
ஐஸ் லாரி போனபின் ஏலக்கூடத்தில் கூடினோம், பதினாலு பேர்.
சீட்டாட வந்த ஆண்களிடம்
“சங்கத்துக் கடன் பாக்கி பேசுறோம்” என்றாள் ஜெசிந்தா.
ஒருத்தர்கூட நிற்கவில்லை.

நர்ஸ் சபுரா விரித்த கர்ப்பப்பைப் படத்தைக்
கச்சான் காற்று பிடுங்கியது.
நாலு மூலைக்கும் ஈயக்குண்டு வைத்தோம்.
“இது நோயில்லை.
ஆனா ஒண்ணுமில்லைன்னும் நான் சொல்லமாட்டேன்” என்றாள்.
எலும்பு தேயுமாம்,
நெத்திலியை முள்ளோடு தின்னச் சொன்னாள்.
ஒரு வருஷம் நின்றபின்
ஒரு சொட்டுப் பட்டாலும் நாள் கடத்தாமல் வரச் சொன்னாள்.

இருளாயி சொன்னாள்:
“சொம்பை வீசிட்டேன்.
மருமகன் மேல இல்ல, செவுத்து மேல.
ஏன் வீசுனேன்னு செவுரும் கேக்கல, நானும் கேக்கல.”
சிரித்தோம்.
செய்யதம்மாள் முந்தானை நுனியைப் பார்த்தே பேசினாள்:
“காஞ்ச வலையைப் பிரிக்கிற மாதிரி எரியுது,
அவுக கிட்ட வரும்போது.”
யாரும் சிரிக்கவில்லை.
குரலைத் தாழ்த்தாமலே சபுரா சொன்னாள்:
“அதுக்கு மருந்து இருக்கு.
மருந்துக்கு முன்னாடி ‘வேணாம்’னு ஒரு வார்த்தையும் இருக்கு.”

கடைசியில் குருவம்மா.
“பிள்ளையே பெறாதவளுக்கும் வருமா?”
வளைகாப்புக்கும் பேர்வைப்புக்கும்
நாங்கள் கூப்பிட மறந்தவள்.
“வரும். அது பிள்ளையக் கேட்டுட்டு வர்றதில்ல.”
“அப்ப இதுலயாவது
உங்களோட நான் ஒண்ணு” என்றாள் குருவம்மா.
ஈயக்குண்டு ஒன்று உருண்டு போனது.
எடுக்க யாரும் குனியவில்லை.

ஏதோ சொல்லிக்கொண்டிருந்த சபுரா
பாதியில் நிறுத்தினாள்.
மேலுதடு முழுக்க முத்து முத்தாய்.
முக்காட்டைத் தளர்த்திப் படத்தாலேயே விசிறினாள்.
“உங்களுக்குமா?”
இந்தத் தடவை கேட்டது நான்.

பெட்டிக்கடியில் கிடந்த ஐஸ் சில்லுகளை
குருவம்மா பொறுக்கி வந்தாள்.
மீன்வாடை அடித்தது.
பதினைந்து பிடரியில் பதினைந்து சில்லு;
முதுகெல்லாம் ஒழுக
சின்னப்பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

அன்று சங்க நோட்டில் ஏறிய தீர்மானம்:
தண்ணிக்குள் எவள் கை தூக்கினாலும்
அடுத்தவள் அவள் சாக்கைப் பிடிக்கணும்,
தணிகிற வரைக்கும்.
இதைத் தீர்மானமென்று எழுதலாமா என்று
எழுதத் தெரிந்த ஜெசிந்தாவே கேட்டாள்.
எழுதினாள்.

அமாவாசைக்கு இறங்கினோம்.
இரண்டாம் முக்குளிப்பில் கை தூக்கினேன்.
எட்டிப் பிடித்தது குருவம்மா.
ஒன்றும் பேசவில்லை.
கரையில் எடை போட்டபோதுதான் தெரிந்தது,
நான் பறித்ததைவிடச்
சாக்கு மூன்று கிலோ கூட.